போலாம் மச்சான்

மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிறது. வசதிதான். ஆனால் அந்த ‘டக்’ சத்தம் கேட்டாலே எனக்குப் புழுங்கல் நெல் வாசனை அடிக்கிறது. என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

ஐம்பதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. கவர்னர் உத்தியோகமே கிடைத்துவிட்டதுபோல மிடுக்கு வேறு. இரவல் கைக்கடிகாரத்தோடு ஆரணிக்குப் பெண் பார்க்கப் போனேன். பட்டு ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. பெண் விழுந்து கும்பிடுவாள் என்று நான் காலைச் சற்று நீட்டி வைத்துக்கொண்டால், அவள் நிமிர்ந்து நின்றாள்.

“எங்கண்ணன அந்த ரூமுல பூட்டி வெச்சினுக்கிறாங்க. அவரயும் பாத்துட்டு முடிவு சொல்லுங்க.”

அவள் அப்பா முகம் செத்துவிட்டது. அவளே போய் நெல் அறையின் தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே அண்ணன் முனுசாமி விறைப்பாக நின்றிருந்தார். பட்டாளத்துக்காரர். சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, சண்டை முடியும்வரை முகாமில் கிடந்து திரும்பியவர். எங்களைக் கண்டதும், முகாமில் ஜப்பான்காரனுக்குக் குனிந்த பழக்கத்தில், இடுப்புவரை குனிந்தார். நிமிரவில்லை.

“வாண்ணா, கதவு தெறந்துதான கீது” என்று அவள் அழுதாள். அவர் அசையவில்லை. தனியாக வயல்வரை போய்வரத் தேறியிருந்த மனிதராம். மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிடுவார்களே என்று அன்றைக்குத்தான் பூட்டினார்களாம்.

எனக்கு என்ன தோன்றியதோ, “போலாம் மச்சான்” என்றேன். உத்தரவு கிடைத்தவர்போல உடனே வெளியே வந்தார். மச்சான் என்று வாய் சொல்லிவிட்ட பிறகு கல்யாணத்தை எப்படி மறுப்பது?

அவரையும் எங்களோடு கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டி வந்தோம். அந்தப் பூட்டு அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. யாராவது “போலாம்” என்றால்தான் அறையைவிட்டு வருவார். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். ஊர் பைத்தியம் என்றது. எங்களுக்கோ அதற்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

ஒரு ஐப்பசியில், மச்சானைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளைப் பிரசவத்துக்குத் திருவள்ளூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, ரயில் நின்றுவிட்டது. வெள்ளம் புகுந்து எங்கள் மண்சுவர் வீடு அவர் மேலேயே இடிந்து விழுந்தது.

“கதவு தெறந்துதான் சார் இருந்துச்சு. ஓடியா, ஓடியான்னு தொண்ட கிழியக் கத்தினோம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர்களிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த இடத்தில் இப்போது கம்பெனி மதில். என் மனைவி இருந்தவரை வீட்டில் ஒரு கதவையும் சாத்தவிட்டதில்லை, அவளும் போய்விட்டாள். காலையில் நடக்கக் கிளம்பும்போது இந்தப் பூட்டுக் கதவின் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிடுகிறேன். அப்புறம், “போலாம் மச்சான்” என்று நானே சொல்லிக்கொண்டு வெளியே போகிறேன்.