உமிக்குள் ஒரு பெட்டி: அம்பகரத்தூரிலிருந்து திருவேட்டக்குடி வழியாக மெட்ராஸ்

காரைக்கால் பக்கம் பறவை பார்க்க எப்போது வரலாம், எந்த வழியாகப் போகலாம் என்று வாசகர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். என்னைப் பறவை நிபுணன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. காகத்துக்கும் கொக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் கேட்டால் மகளைத்தான் கூப்பிடுவேன். ஆனாலும் அந்த வழியை ஒரு முறை முழுதாகச் சுற்றியிருக்கிறேன். 1986, பொங்கல் முடிந்த வாரம். நாங்கள் பறவையைப் பார்க்கப் போகவில்லை, பறவையின் பின்பக்கத்தைப் பார்க்கப் போனோம்.

அப்போது நான் அம்பகரத்தூரில் ஓர் அரிசி மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரை. அந்த ‘வரை’யைக் கவனிக்கவும், தேறினேன் என்று சொல்லவில்லை. மகள் மங்கையர்க்கரசி, வீட்டில் மங்கை, மெட்ராஸில் நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. கடைசி வருஷம். பொங்கலுக்கு வந்தவள் கரும்புக்கு ஆசைப்படவில்லை, வாத்து எங்கே மேய்கிறது என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். ஃப்ளூ காய்ச்சல் கிருமி வாத்தின் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்குமாம். எச்சத்தைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் குப்பியில் போட்டு, ஐஸில் வைத்து மெட்ராஸ் கொண்டுபோக வேண்டும். சூடு பட்டால் கிருமி செத்துவிடும். மேய்ச்சல் வாத்து மாசியில் வேறு ஊருக்குப் போய்விடும், வெளிநாட்டுப் பறவை பங்குனிக்குள் கிளம்பிவிடும், இவள் படிப்போ சித்திரையில் முடிகிறது. ஒரே வாய்ப்பு. தவறினால் ஆராய்ச்சி அரைகுறையாக நிற்கும்.

“வாத்துப் பீ அள்றதுக்கா இவளை மெட்ராசுக்கு அனுப்பிச்சோம்? இங்கயே இருந்து அள்ளியிருந்தா பஸ் செலவாவது மிச்சம்” என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே இரண்டு பேருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

காலை ஆறரைக்கு, குப்பிகள் அடுக்கிய ஐஸ் பெட்டியோடு என் பழைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். முதல் நிறுத்தம் ஊரை ஒட்டிய அறுத்த வயல். தை அறுப்பு முடிந்ததும் சிந்திய நெல்லில் வாத்தை மேய்க்க வாத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஐந்நூறு வாத்து ஒன்றாகக் கத்துவதைக் கேட்க வேண்டும், எங்கள் மில் இயந்திரம் தோற்றுவிடும். வாத்துக்காரர் சடையன் பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

“காய்ச்சல் பாக்க வந்தீங்களா? என் வாத்து ஒண்ணுக்கும் ஒண்ணுமில்லீங்க. இப்பிடி ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா முட்டைய எவன் வாங்குவான்?”

“சீக்கு வாத்து எனக்கு வேணாங்க, நல்லா மேயற வாத்துதான் வேணும்” என்றாள் மங்கை. “கிருமி அதுக்குள்ள இருந்தாலும் அதுக்கு ஒண்ணும் பண்றதில்ல. ரொம்ப நாள் பழகின குடித்தனக்காரன் மாதிரி. வீட்டை இடிக்க மாட்டான்.”

அவர் யோசித்துவிட்டு என்னைக் காட்டினார். “அப்ப சரி. யாரு புடிக்கிறது? இவரா? வேட்டி வெள்ளையா இருக்கே.”

மகளோடு போவதால் சலவை வேட்டி கட்டியிருந்தேன். மூன்றாவது வாத்தைத் தூக்கியபோது அதன் வெள்ளைக்கு ஒரு முடிவு வந்தது. சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மங்கை மட்டும் சிரிக்கவில்லை. “அசையாதீங்கப்பா!” என்று கத்தி, குச்சியோடு ஓடிவந்து என் வேட்டியிலிருந்தே எடுத்துக் குப்பியில் போட்டாள். “இவ்வளவு புதுசாக் கிடைக்காது.” அந்தக் குப்பிக்கு மூன்று என்று எண் போட்டாள்.

அங்கிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். டீக்கடையில் நிறுத்தினோம். டீ நாற்பது பைசா. அங்கேதான் என் சந்தேகத்தைக் கேட்டேன். வாத்தோடு சமாதானமாக இருப்பவன் மனுஷனிடம் ஏன் வம்புக்கு வருகிறான்?

மங்கை ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் காட்டினாள். கிருமி ஓர் உடம்புக்குள் நுழைய அதன் மேல் ஒரு சாவி இருக்கிறதாம். வாத்துக் குடலின் பூட்டு ஒரு மாதிரி, மனிதத் தொண்டையின் பூட்டு வேறு மாதிரி. வாத்துச் சாவி நமக்குச் சேராது. ஆனால் இந்தக் கிருமி தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் தப்பும் தவறுமாக எடுக்கிறது. கோடி தப்பில் ஒன்று நம் பூட்டுக்குப் பொருந்திவிட்டால் போதும். பன்றிக்கு இரண்டு பூட்டும் உண்டாம். வாத்துக் கிருமியும் மனுஷக் கிருமியும் அங்கே சந்தித்துப் பாகங்களை மாற்றிக்கொண்டால் புத்தம் புதுக் காய்ச்சல் கிளம்பலாம்.

“தப்புத் தப்பா எழுதியே பாஸ் பண்ணிடுதா?” என்றேன். எனக்கு ஏனோ அந்தக் கிருமி மேல் பொறாமையாக இருந்தது.

“உங்களை மாதிரி ஒரே தடவை எழுதிட்டு விடலப்பா அது” என்றாள்.

கோட்டுச்சேரி தாண்டித் திருவேட்டக்குடி போகும்போது ஒன்பதரை. கழிமுகத்து மணல்திட்டில் அன்று சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று ஆயிரக்கணக்கில் இறங்கியிருந்தன. பெயர் கேட்காதீர்கள். வடக்கே பனி உறையும் தேசங்களிலிருந்து வருபவை என்றாள். பாஸ்போர்ட் இல்லாமல் வரும் அந்தப் பறவையும் நம் மேய்ச்சல் வாத்தும் ஒரே தண்ணீரில் இறங்கினால் கிருமிக்கு ஊர் மாற்றம் சுலபம். அதனால்தான் இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் குனிந்து மணலில் பொறுக்கினோம். என் இடுப்பு இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

காலையில் கொண்டுவந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. கரையில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த செல்லம்மாளிடம் கேட்டோம்.

“மீனுக்கே பத்தல. எதுக்கு?”

மங்கை உண்மையைச் சொன்னாள். செல்லம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “ஏய், இங்க வாங்கடி! வாத்துப் பீ கெட்டுப் போவுமாம், ஐஸு வேணுமாம்!” பத்துப் பெண்கள் கூடிச் சிரித்தார்கள். ஆனால் காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசிக்கான வேலை என்று கேட்டதும், போன மழைக்காலம் காய்ச்சலில் பேரப்பிள்ளை படுத்த கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு கூடை உடைத்துப் போட்டாள். காசு வாங்கவில்லை.

அடுத்தது என் பங்கு. மில்லிலிருந்து ஒரு சாக்கு உமி கொண்டுவந்திருந்தேன். ஐஸ் கரையாமல் இருக்க உமிக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. பெட்டியைச் சாக்கில் இறக்கி, சுற்றிலும் மேலேயும் உமியை அமுக்கிக் கட்டினேன். “சூப்பர்ப்பா” என்றாள். எம்.எஸ்சி. பட்டம் எனக்கே கிடைத்தது போலிருந்தது.

ஸ்கூட்டரைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு, மெயின் ரோட்டில் ஒரு மணிக்கு மெட்ராஸ் பஸ் ஏறினோம். வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரைக்காலில் சாராயமும் பாட்டில் சரக்கும் மலிவு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை வேறு. அதனால் வடக்கு எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பார்கள். பாட்டில் உடையாமல் கடத்த இந்தப் பக்கத்து ஆட்கள் எதில் வைத்துக் கட்டுவார்கள் தெரியுமா? உமியில். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கும் எனக்கு அது நினைவுக்கு வந்தது, ஏட்டு என் சாக்கில் கையை விட்ட பிறகுதான்.

“உமி மூட்டையா? மெட்ராசுல உமி கிடைக்கலியோ?” என்றார் ஏட்டு. விரல் பெட்டியில் இடித்தது. “எத்தனை பாட்டில்?”

“பாட்டில்தாங்க, ஆனா சின்ன பாட்டில்” என்றேன். இதைவிட மோசமான பதிலை நான் எந்தப் பரீட்சையிலும் எழுதியதில்லை.

பின் சீட்டில் ஒருவர், “குவார்ட்டரா அண்ணே?” என்றார். பஸ் சிரித்தது. சாக்கு ரோட்டில் இறங்கியது. உச்சி வெயில். ஏட்டு உமியைத் தள்ளிவிட்டு மூடியில் கை வைத்தார். குப்பிகளை ஒவ்வொன்றாக வெயிலில் எடுத்துப் பார்த்தால் முடிந்தது கதை. நான் கும்பிடத் தயாரானேன்.

மங்கை முன்னால் வந்தாள். ஊரில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண்.

“சார், தாராளமாத் திறங்க. நிழல்ல வச்சுத் திறங்க, குப்பியத் தொடாதீங்க. உள்ள இருக்கிறது வாத்து எச்சம்.”

ஏட்டின் கை தானாகப் பின்வாங்கியது. “எச்சத்துக்கு எதுக்கும்மா ஐஸு?”

“நீங்க இங்க எப்பிடி ஆளப் பிடிக்கிறீங்க சார்?”

“மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?”

“அதே ஆளு மீசைய எடுத்துட்டு, சட்டை மாத்திட்டு வந்தா?”

“நாலு பேரு அப்பிடித் தப்பிச்சிருக்கானுவ.”

“ஃப்ளூ கிருமியும் அப்பிடித்தான் சார். நம்ம ஒடம்புல இருக்கிற சாவடி பழைய மூஞ்சியத் தேடிட்டிருக்கும், அது புதுச் சட்டையில தாண்டிப் போயிடும். அதனாலதான் ஃப்ளூ தடுப்பூசிய அப்பப்ப மாத்திச் செய்யணும். புது மூஞ்சிய முன்கூட்டியே ஒடம்புக்குக் காட்டி வச்சிட்டா, வந்ததும் பிடிச்சிடும். எந்தச் சட்டையெல்லாம் அதுங்கிட்ட இருக்குன்னு பாக்கத்தான் வாத்துகிட்ட போனோம்.”

“ஊசிய எதுல செய்வீங்க?”

“கருக்கூடின கோழி முட்டையில வளத்து, கிருமியக் கொன்னு, அதுலேர்ந்து சார். அதுலயும் ஒரு வம்பு. முட்டையில வளரும்போது அது முட்டைக்குத் தகுந்த மாதிரி மாறிக்கும். அப்புறம் ஊசி காட்டுற மூஞ்சி ஒண்ணு, வர்ற மூஞ்சி ஒண்ணு.”

பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. கண்டக்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஏட்டு சாவடி நிழலில் மூடியை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்து உடனே மூடினார். பிறகு தானே சாக்கைக் கட்டி, டிரைவரிடம், “வெயில் படாம உங்க பின்னாடி வைங்க” என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியில் வாத்தின் கையெழுத்து காய்ந்திருந்தது.

“நீங்க யாரு, அவங்க உதவியாளா?”

“அவங்க அப்பாங்க” என்றேன். பெற்ற மகளை ‘அவங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாய் தானாகச் சொன்னது.

மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது பாதி ஐஸ் மிச்சமிருந்தது. மாசிக் கடைசியில் மில்லுக்கு டிரங்க் கால் வந்தது. “முட்டையில வளந்துடுச்சுப்பா! வாத்து ஃப்ளூதான். ஒரே ஒரு குப்பி. மூணாம் நம்பர்.” என் வேட்டிக் குப்பி! “எம் பொண்ணு காய்ச்சல் வளத்துட்டா!” என்று மில்லில் கத்தினேன். எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். அதன் பிறகு அவள் தடுப்பூசி வேலைக்கே போய்விட்டாள். அந்த வேட்டியை என் மனைவி எத்தனை முறை கேட்டும் நான் பாத்திரக்காரனுக்குப் போடவில்லை.

இனி உங்களுக்கு. தை, மாசியில் வாருங்கள். அம்பகரத்தூருக்குக் காரைக்காலிலிருந்து பஸ் உண்டு. வாத்து மேய்வதைக் காலையில் பாருங்கள், வரப்பில் நின்று பாருங்கள், தொடாதீர்கள். திருவேட்டக்குடிக் கழிமுகத்துக்குத் தண்ணீர் வற்றும் நேரம் கேட்டுப் போங்கள். கை கழுவச் சோப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடுத்த வேண்டாம், நிச்சயமாக உங்களுக்கும் ஒரு மூன்றாவது வாத்து காத்திருக்கும். எதை ஐஸில் வைத்துக் கொண்டுபோனாலும் உமியில் மட்டும் கட்டாதீர்கள். அப்படியே கட்டிவிட்டால், விளக்கிச் சொல்ல உங்கள் மகளைக் கூடவே அழைத்து வாருங்கள். நீங்கள் பேச வேண்டாம். மூட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும்.