பிரெட் மிஷினும் சனிக்கிழமைப் பலகாரமும்

பிரெட் மிஷினுக்குள் மாவைப் போட்டு மூடினால் பீட்சாவாக வெளியே வரும் என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். ஆபீஸில் என் கையெழுத்துக்காக நாலு பேர் காத்து நிற்கிறார்கள். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மிஷின் வந்து சேருவதற்கு முன்பே எங்கள் மும்பை செம்பூர் பில்டிங் வாட்ஸப் குரூப்பில், 'இனி சனிக்கிழமைதோறும் எங்காத்தில் ஹெல்தி பீட்சா, உபயம்: அடியேன்' என்று போட்டுவிட்டேன்.

சனிக்கிழமைக்கு ஒரு காரணம் உண்டு. பாலக்காட்டிலிருந்து மாதுங்காவுக்கும், அங்கிருந்து செம்பூருக்கும் எங்கள் குடும்பம் மூட்டை கட்டித் தூக்கிவந்த பழக்கம் அது: சனிக்கிழமை ராத்திரி சாதம் கிடையாது, பலகாரம்தான். சந்தியாவந்தனத்தை எப்போதோ விட்டேன். அமாவாசைத் தர்ப்பணம் ஆபீஸ் மீட்டிங்குகளில் கரைந்துபோனது. இதை மட்டும் விடவில்லை. ஏனென்றால், இதை அனுஷ்டிப்பது நான், செய்வது என் மனைவி. அடையோ ரவா தோசையோ சுடச்சுட என் தட்டில் விழும். அவள் கடைசியில் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு ஆறிப்போனதைத் தின்பாள்.

அவளுக்கு மாதுங்காவில் ஒரு பாட்டு கிளாஸில் சேர ஆசை. டீச்சரிடம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, அதுவும் சனிக்கிழமை சாயங்காலம்.

"திரும்பி வர ஒம்பது மணி ஆயிடுமே. பலகாரம் யார் பண்ணுவா?"

"நான் எதுக்கு இருக்கேன்? நீ பாடிண்டே வா, இங்க பீட்சா ரெடியா இருக்கும். மைதா கிடையாது, சீஸ் பேருக்குத்தான். உன் ஷுகருக்கும் நல்லது, என் தொப்பைக்கும் நல்லது."

அவள் சிரித்தாள். உடனே டீச்சருக்குப் போன் பண்ணி, வருவதாகச் சொன்னாள்.

முதல் சனிக்கிழமை, அவள் கிளம்புவதற்குள் பீட்சாவைக் காட்டிவிட வேண்டும் என்று மத்தியானமே ஆரம்பித்தேன். மில்லில் அரைத்த கோதுமை மாவு, கூட ஒரு கை கேழ்வரகு மாவு, ஈஸ்ட், தண்ணீர். பீட்சா என்று போட்டிருந்த பட்டனை அமுக்கிவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற தகப்பன் மாதிரி உலாத்தினேன். மிஷின் கூவியது. திறந்தால், உள்ளே பழுப்பாக, வேகாத மாவு உருண்டை.

காலேஜில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அரே அப்பா, பீட்சான்னா இது மாவு பிசைஞ்சு பொங்க வெக்கும், பஸ், அவ்ளோதான். மீதியெல்லாம் நீதான் பண்ணணும். தேச்சு ஓவன்ல வெக்கணும். நம்மகிட்ட ஓவன் எங்க, கஹான் ஹை?"

மனைவி வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றாள். நான் உருண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் அந்த ஒரு செருப்பையும் கழற்றினாள். உள்ளே வந்து தோசைக்கல்லை எடுத்தாள். தக்காளி வதக்கினாள், வெங்காயமும் பூண்டும் இல்லாமல், சனிக்கிழமையாயிற்றே! தேய்த்தது, கல்லில் இரண்டு பக்கமும் வாட்டியது, சீஸ் தூவி மூடி வைத்தது எல்லாம் அவள். நான் போட்டோ எடுத்தேன். ஓரத்தில் அவளுடைய வளையல் கை விழுந்திருந்தது. அதை வெட்டிவிட்டு குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன.

அடுத்த வாரம் அவள் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தக்காளியைக் காலையிலேயே வதக்கி வைத்துவிட்டு, கிளம்பியே போய்விட்டாள். மகளும் வெளியே போயிருந்தாள். போன தடவை மாவு கல்லாக இருந்ததால், தோசை மாவு பொங்காவிட்டால் உளுந்தைக் கூட்டுகிற கணக்கில் ஈஸ்டை இரட்டிப்பாகப் போட்டேன். அக்டோபர் புழுக்கம் வேறு. மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. போன் செய்தேன். குர்லா ஸ்டேஷனில் ரயில் மாறுவதற்காகப் பாலம் ஏறிக்கொண்டிருந்தாள்.

"மாவு வெளில வரதுடி! என்ன பண்ணட்டும்?"

"மிஷினை ஆஃப் பண்ணுங்கோ."

"ஆஃப் பண்ணிட்டா பலகாரம்?"

பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு ஓடியது. அதற்கு நடுவே, "திரும்பி வரேன்" என்றாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் டீச்சரே கூப்பிட்டார். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். "பரவால்ல மாமி" என்று சொல்லிவிட்டு மனைவி போனை வைத்தாள்.

சாயங்காலம் தோசைக்கல் முன்னால் நின்று பீட்சாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவளுக்குப் பதம் கைவந்துவிட்டது. அடிப்பக்கம் மொறுமொறுவென்று இருந்தது. எனக்குச் சும்மா இருக்க வராது.

"பிரமாதம் போ! தீபாவளிக்கு ஒரு ஓவன் வாங்கிப் போட்டுடறேன். அப்புறம் நீ கிளாஸ் என்ன, கச்சேரியே பண்ணலாம்."

மகள் சிரிக்கவில்லை. மனைவி திரும்பாமலேயே சொன்னாள்:

"ஓவனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி நீங்க பேசாம ஒரு தட்டு தயிர் சாதம் தின்னிருந்தா, நான் பாட்டு கத்துண்டிருப்பேன்."