பெயர் தெரியாமலே எனக்காக எழுந்து நின்றவர்

அன்பானவர்களே, இதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிகாரனாக இருந்தேன். கண்டிக்குக் கிட்ட, கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டினேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தில் அண்ணனின் வீடு எரிந்து, அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போன பிறகு குடிக்கத் தொடங்கினேன். துக்கத்துக்குக் குடித்தேன் என்று சொன்னால் பாதிப் பொய். பிறகு சும்மாவே குடித்தேன். சாராயம் கிடைக்காத நாளில், கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பு.

ஒருநாள் காலையில் கசிப்பைக் குடித்துவிட்டு லொறியை மண்மேட்டில் மோதினேன். லொறியின் பின்னால் ஏறியிருந்த, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்குக் கை முறிந்தது. தோட்டத்துத் துரை கேட்டபோது பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைச் சுமக்க முடியவில்லை. சபை மூப்பரிடம் போய் அழுதேன். என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர். அவரும் என்னோடு சேர்ந்து அழுதார்.

"இது ஆண்டவருக்கும் நமக்கும் மட்டுந்தான் தம்பி" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம், வழக்கம்போல மூப்பர் ஜெபக்குறிப்புகளை வாசித்தார். நோயாளிகள், சோதனை எழுதும் பிள்ளைகள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "கசிப்புக் குடிச்சிட்டு லொறிய மோதி, பிரேக் போச்சுன்னு பொய் சொன்ன நம்ம சகோதரன் தேவராஜுக்காக ஜெபிப்போம்" என்றார்.

முன்வரிசையில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இருந்தார். என் பக்கத்தில், ஒன்றும் தெரியாத என் மனைவி சாந்தி. சபை முழுக்க ஆமென் சொன்னது.

திங்கட்கிழமை வேலை போனது. சாந்தி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். செய்தது நான். தண்டனை எனக்குத் தகும். ஆனால் "நீயே போய்ச் சொல்லு, நானும் கூட வர்றேன்" என்று மூப்பர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனே! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"ஜெபத்துக்குத்தானே தம்பி சொன்னேன்!"

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆராதனைக்குப் போவதை விட்டேன். முன்னைவிட அதிகமாகக் குடித்தேன். ஒருநாள் வெறும் வீட்டில் உட்கார்ந்து கோபத்தோடு ஜெபித்தேன்: "ஆண்டவரே, எனக்கு உதவி செய்ய நினைத்தால் உம்முடைய ஆட்களை மட்டும் அனுப்பாதேயும்." பக்தியான ஜெபம் இல்லைதான். ஆனால் மனதார ஜெபித்தேன்.

சில நாள் கழித்து கெலிஓயாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில், கை நடுங்குவதால் அரைக் கோப்பை போதும் என்றேன். எதிரே இருந்த வயதான சிங்களவர் என் கையைப் பார்த்தார். "நானும் முந்தி அரைக் கோப்பைதான் குடிச்சது" என்றார், தெரிந்த தமிழில். கண்டி டவுனில் ஓர் இடத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார். "சனிக்கிழமை நாலு மணி. குடிய விட்ட ஆளுங்க கூடுறது. பேர் கேக்க மாட்டாங்க."

பேர் கேட்க மாட்டார்கள் என்றதற்காகவே போனேன். புலிகளோடு யுத்தம் மும்முரமாக நடந்த காலம். அந்தத் தெருமுனையில் ராணுவக்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார். தமிழன். சட்டைப்பையில் ஒரு காகிதம். அதில் இடமும் நேரமும் இருந்தன, ஆளின் பெயர் இல்லை. என்ன கூட்டம், யார் நடத்துவது, யார் வரச் சொன்னது என்று கேட்டார். எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க, சிங்களத்தில் சொன்னேன்: "நான் குடிகாரன் ஐயா. குடியை விடப் போகிறேன்." மூப்பர் சபையில் சொன்னதை அன்றுதான் முதன்முறையாக நானே சொன்னேன்.

அவர் நம்பவில்லை. துப்பாக்கியோடு என்னை அந்த அறைக்கே நடத்திக்கொண்டு போனார். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "இவனை யாருக்குத் தெரியும்?" என்று அதட்டினார். அந்தக் காலத்தில் ஒரு தமிழனுக்காக வாய் திறப்பது சின்ன விஷயமா?

தேத்தண்ணிக் கடைப் பெரியவர் எழுந்து நின்றார்.

"எங்கள் ஆள்" என்றார் சிங்களத்தில்.

"பெயர் என்ன?"

"தெரியாது. எங்கள் ஆள்தான்."

ராணுவக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பித் தந்து போய்விட்டார். நான் கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். என் முரட்டு ஜெபத்தையும் கர்த்தர் கேட்டாரே!

உடனே திருந்திவிடவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். ஆனாலும் சனிக்கிழமைகளை விடவில்லை. கை முறிந்த அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் கழித்து சாந்தி மகளோடு திரும்பி வந்தாள். இப்போது பேக்கரி வேன் ஓட்டுகிறேன்.

அண்மையில் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்தோஷப்பட்டார். பிறகு, "அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யார் யாரெல்லாம் வர்றாங்க? சொல்லு தம்பி, பேர் சொல்லி ஜெபிப்போம்" என்றார்.

"எல்லாரையும் தெரியும் ஐயா. சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லி முடிக்க ஆசைதான். இன்னும் முழுதாக முடியவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன். விசுவாசிகளால் காயப்பட்டு ஆண்டவரையே விட்டு விலகியவர்கள் யாராவது இருந்தால், கோபத்தோடேயே ஜெபியுங்கள், அவர் கேட்பார். குடியை விட முடியாமல் தவிக்கிறவர்கள் சனிக்கிழமை என்னோடு வாருங்கள். முதல் நாள் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.