நவமணி கூட்டிய பொதுக்கூட்டம்

"நிறுத்துங்கண்ணே. அந்த எடத்த இன்னொரு தடவ படிங்க."

ஜவுளிக்காரர் ஜக்கரியா துணி மூட்டையை இறக்குவதற்குள் நவமணி கடிதத்தை நீட்டிவிட்டாள். புக்கிட் செலம்பாவ் தோட்டத்துக்குள் இங்கிலீஷ் தெரிந்த யார் வந்தாலும் அவளிடம் தப்ப முடியாது. அதை மெல்லிய ரப்பர் ஷீட்டில் சுற்றி மடியில் செருகியே வைத்திருக்கிறாள்.

முதல் மனுவுக்குச் சங்கப் பதிவு ஆபீஸ் அனுப்பிய கடிதத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. தோட்டத்து மரண சகாய சங்கத்தின் பதிவு ரத்தானது ரத்தானதுதான். திருப்பித் தர முடியாது. ஓராண்டாகப் பொதுக்கூட்டம் கூட்டவில்லையாம். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் போட்ட அவசரகாலத்தில் ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே 'மாத்தா' என்கிற போலீஸ் விரட்டுகிறது. அனுமதி கேட்டுப் போன நவமணியை போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"கூட்டம் போடாதன்னது மாத்தா. போடலன்னு சங்கத்த மூடுனது பெரிய ஆபிஸு. ரெண்டும் ஒரே கவுர்மெண்டுதானே லா?"

தோட்டத்தில் யார் செத்தாலும் பெட்டி, கோடித் துணி, லாரி எல்லாம் சங்கம்தான் பார்த்தது. இப்போது பதிவில்லாமல் பத்துப் பேர் சேர்ந்து பெட்டி செய்யக் கிளம்பினால், காட்டுக்காரர்களுக்கு உதவுவதாகப் பிடித்துப் போவார்கள். முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த பக்கிரிசாமி போன மாதம் கிழிந்த பாயில் சுருட்டப்பட்டுப் போனார். 

மேல்முறையீடு எழுதித் தரத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் அரியரத்தினம் தயார். யாழ்ப்பாணத்து மனிதர், சட்டத்துக்குப் பயந்தவர்.

"சங்கம் வேணுமெண்டு கூட்டத்திலை கை தூக்கின எண்ணிக்கை வேணும், நவமணி. இல்லாட்டி இந்த மனுவும் குப்பைக்குத்தான்."

"நாளைக்கு வெள்ளன வேலி கேட்டுக்கு வாங்கய்யா. அம்பது பொம்பளைங்கள மாத்தாவே கூட்டி வச்சிருப்பான்."

டிரெஸ்ஸருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று, விடிந்ததும் முள்கம்பி வேலி வாசலில் வரிசையாக நிறுத்திக் கைகளைத் தூக்கச் சொல்லிச் சோதிப்பது அன்றாட வழக்கம்.

"பயத்திலை தூக்கிற கையெல்லோ அது? அதை எப்பிடி எழுதிறது?"

"எறக்குன்னு சொன்ன பெறகும் தூக்கியிருந்தா?"

"சரி, வாறன்" என்று டிரெஸ்ஸர் சைக்கிளை எடுத்தார். அன்று மாலை நவமணி ஒவ்வொரு கதவாகத் தட்டி விஷயத்தைச் சொல்லி வைத்தாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "வராதவ வராட்டி போறா" என்று அடுத்த கதவுக்கு நடந்தாள்.

மறுநாள் சோதனைக்காரி ஜைனப் கடைசிப் பெண்ணின் மடியையும் தடவிப் பார்த்து முடித்தாள். "சுடா! துருன் தாங்கான்!" முடிந்தது, கையை இறக்கு என்று மலாயில் கத்தினாள். வரிசை அசையவில்லை. இரண்டாம் முறை கத்தினாள். துப்பாக்கியோடு நின்றவன் ஓரடி முன்னே வந்தான்.

வேலிக்கு அப்பால் சைக்கிளில் சாய்ந்து நின்ற அரியரத்தினம், தூக்கிய கைகளை எண்ணி, பாதியில் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நவமணி, அவர் எண்ண வசதியாக விரல்களை விரித்து, கையை இன்னும் உயரத் தூக்கினாள்.