நீல லைட்டுக்கு ஒரு பெயர்

மூக்கையா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, மலையகத்துக் கலஹா தபால் கந்தோருக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது வருடமாக அவருடைய கீழ்வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறேன். மேலே அவர் சாப்பிட்டுக்கொண்டே "சந்திரிகா, உப்பு பத்தல" என்று மனைவியிடம் சொன்னால், நான் இங்கே என் கறியை ஒருமுறை ருசி பார்ப்பேன்.

அந்தத் தொண்டைதான் அவருக்குச் சோறு போடுகிறது. ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவார். மைக்கும் அவரே பிடிப்பார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்து, பதினான்கு வயதில் படிப்பை விட்டு, கண்டியில் ஒரு கடைக்கு வயர் சுற்றப் போனவர். ஒருநாள் கல்யாண வீட்டில் அறிவிப்பாளர் ஊற்றிக்கொண்டு விழுந்துகிடக்க, மைக் இவர் கைக்கு வந்தது. பிறகு இவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு. திருவிழா, சாவு, டெங்கு ஒழிப்பு, காணாமல் போன ஆடு எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும்.

திருவிழாக் காலத்தில் அவர் ராஜா. யார் எவ்வளவு கொடுத்தாலும் பெயர், லயம், தொகை மூன்றையும் இரண்டு தரம் சொல்வார். நூறு ரூபாய் கொடுத்தவனுக்கும் முதலாளிக்கும் ஒரே குரல்தான். அதற்காகவே காசு கொடுப்பவர்கள் இருந்தார்கள். கோயிலில் குழல் விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால், அதன் மேலேயே 'உபயம்' என்று தொடங்கிக் குடும்பத்தின் பெயரெல்லாம் சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். சில விளக்குகளில் மிச்சமிருக்கும் இடத்தால்தான் வெளிச்சம் வரும். நான் சிரிப்பேன். மூக்கையாவுக்கு அதில் சிரிக்க ஒன்றுமே இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மகள் சுகிர்தாவுக்குக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அப்படியான குழந்தைகளை நீல லைட்டின் கீழே படுக்க வைப்பார்கள். அன்றைக்கென்று மஞ்சள் பிள்ளைகள் கூடிவிட்டன, லைட்டுகள் போதவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே உள்ளவர்கள் இருப்பதை வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள். மற்றப் பிள்ளைகளின் நிலைமை இதைவிட மோசம் என்பதால் சுகிர்தாவின் பிள்ளை மத்தியானம் வரை காத்திருந்தது. மூக்கையா கொரிடோரில் நின்றார். பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்தது. ஆனால் அந்த அரை நாள் அவரைவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு லைட்டு வாங்கிக் குடுக்கப் போறேன். நாலு லட்சத்துக்கு மேல வருமாம். ஊர்ல கேக்கப் போறேன். காசு ஒங்ககிட்டத்தான் இருக்கணும்."

"என்னட்டை ஏன்?"

"நீங்க யாரையும் நம்பமாட்டீங்க. அப்பிடிப்பட்ட ஆளுகிட்டத்தான் ஊரு நம்பிக் குடுக்கும்."

இதைப் பாராட்டு என்று எடுப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் ஓம் என்றேன்.

பேராதனை பஸ் நிற்கும் சந்தியில் தன் த்ரீவீலைக் கொண்டுபோய் நிறுத்தி, கூரையில் இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கரைக் கட்டினார். "பச்சப் புள்ளைங்களோட வெளிச்சத்துக்காக, மேற்பிரிவு வீரையா அவர்கள், ரூபா முந்நூறு!" மேல் மலையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த வீரையாவின் மனைவிக்கு அது கேட்டிருக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய்க்குக் காசில்லை என்று சொன்ன மனுசன். அவள் இறங்கி வந்து சந்தியிலேயே புருசனைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் பெயரிலும் ஐம்பது ரூபாய் போட்டுவிட்டு, அதையும் சொல்லச் சொன்னாள். மூக்கையா அதை மூன்று தரம் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரே ஒரு பிழை. கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில், முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டார்: "காசு குடுக்குற எல்லார் பேரும் அந்த மிசின்லயே எழுதப்படும்!"

"மூக்கையாண்ணை, நானூறு பேரின்ர பேரை எங்க எழுதப் போறியள்? இது லைட்டோ, கல்வெட்டோ?" என்று கேட்டேன்.

"பொடி எழுத்துல எழுதுவோம் மிஸ்."

ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம் அவருக்கு வரவேயில்லை. உபயம் கொடுத்தால் பெயர் எழுதுவது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. எனக்காவது அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும்.

நாலாவது ஞாயிறு ஜெயராணி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூட்டம் கலையும்வரை ஒரு கடை ஓரத்தில் நின்றுவிட்டு, த்ரீவீலுக்குப் பக்கத்தில் வந்து ஆயிரம் ரூபாயை நீட்டினாள். மூக்கையா பழக்க தோஷத்தில் மைக்கைத் தூக்கினார்.

"அண்ணே, ஸ்பீக்கர்ல சொல்லாதீங்க. மிசின்ல மட்டும் எழுதுங்க. என் பேரில்ல. மிதுஷிகா."

"யாரும்மா அது?"

"மகதான்."

எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருடம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, இருதயக் கோளாறினால் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனது. முப்பதாம் நாள் சடங்கில்தான் பெயர் வைப்பதாக இருந்தார்கள். அதற்கு முன்னே போய்விட்டதால் பெயர் எந்தக் கடதாசியிலும் ஏறவில்லை.

"மனசுல நெனச்சு வச்சிருந்தேன் அண்ணே. வீட்டுல சொன்னா, செத்த புள்ளைக்கு என்னத்துக்குப் பேருன்னு கேக்குறாங்க. ஸ்பீக்கர்ல சொன்னா லயம் பூரா அதத்தான் பேசும். எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதியிருந்தாப் போதும்."

மூக்கையா மைக்கின் சுவிட்சை அணைத்தார். "எழுதுறேன் தங்கச்சி. மொதப் பேரா எழுதுறேன்" என்றார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

ஏழாவது ஞாயிறு தொகை நிறைந்தது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர்களை அழகாக எழுதி, ஜெயராணியின் மகளை முதலாவதாகப் போட்டு, ஒரு தாளில் கொண்டுபோயிருந்தார். குழந்தைகள் வார்டுச் சிஸ்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் விளங்கும், உடைத்து உடைத்துப் பேசுவார். தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மிச்சம் சந்தோசம். ஆனா பேர் எழுத ஏலாது. ஒவ்வொரு பேபிக்குப் பொறகும் மருந்து போட்டுத் தொடைக்கிறது. ஸ்டிக்கர், பெயிண்ட், அந்த ஓரத்தில கிருமி நிக்கும். பேபிக்குக் கூடாது."

"ஒரே ஒரு பேரு, சிஸ்டர்?" மூக்கையாவின் குரலுக்கு வார்டுக்குள் இரண்டு பிள்ளைகள் அழத் தொடங்கின.

"ஒண்ணுகூட ஏலாது ஐயா."

அந்த அம்மா சொன்னது முழு நியாயம். அதுதான் சங்கடம். யாரோடாவது சண்டை பிடிக்கலாம் என்றால் பிடிக்க ஆளில்லை.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி சந்தியில் போய் நின்றார். நான் சொல்லித்தான் போனார் என்றில்லை, அவராகத்தான் போனார். "நான் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன். மிசின்ல பேரு எழுத ஏலாது. தப்பு என்னோடது. காசு திரும்ப வேணும்னா போஸ்ட் ஆபீஸ்ல மிஸ்கிட்ட வாங்கிக்கங்க." நாற்பது வருடம் மைக் பிடித்தவர், தன் பிழையைத் தானே அப்படிச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காசு திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கடை முதலாளி வந்தார். கவுண்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முத்திரை வாங்கிக்கொண்டு போனார். வீரையா வந்து, மிசினில் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஸ்பீக்கரில் இன்னொரு தரம் சொல்வார்களா என்று விசாரித்தான். வந்தவர்கள் அவ்வளவுதான். சனங்களை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் மூக்கையாவுக்கு ஊரைப் பற்றிய கவலையே இல்லை. "அந்தப் புள்ளைகிட்ட என்னத்த மிஸ் சொல்றது?" இதையே காலையும் மாலையும் கேட்டார். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு ஜெயராணியின் லயத்துக்கு ஏறினார். அவள் குழாயடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். மூக்கையா ஆயிரம் ரூபாயைக் கையில் மடித்துப் பிடித்தபடி நடந்ததைச் சொன்னார். அவள் காசை வாங்கவில்லை. கையிலிருந்த நுரையைத் துடைக்கவும் இல்லை.

"பரவாயில்லண்ணே. எழுதியிருந்தாலும் நான் போயிப் பாக்கவா போறேன்" என்றாள். குழாயை மூடிவிட்டு, "பேரு கூப்பிடுறதுக்குத்தானே வைக்கிறது. அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் ஒரு தடவகூடக் கூப்பிடலயே. அதான் எனக்கு" என்றாள்.

மூக்கையா காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மலையிறங்கும்போது பாதி வழியில் நின்றுவிட்டார். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஏறிப் போனார். அவளிடம் என்ன கேட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் சம்மதித்திருக்கிறாள் என்பது மட்டும் இறங்கி வந்தபோது அவர் முகத்தில் தெரிந்தது.

லைட்டைக் கையளித்த நாள் ஒரு புதன்கிழமை காலை. மூக்கையா, நான், ஜெயராணி, மூன்று பேரும் போனோம். உருட்டிக்கொண்டு போகச் சில்லு வைத்த தாங்கியில் நின்ற அந்தச் சாமான் பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. இதற்காகவா இத்தனை சத்தம் என்றுகூட எனக்குத் தோன்றியது. சிஸ்டர் கையொப்பம் வைத்து முடிந்ததும் மூக்கையா தொண்டையைக் கனைத்தார். நான் பயந்துபோனேன். ஆனால் அவர் பேசியது, பக்கத்தில் நின்ற எனக்கே அரைவாசிதான் கேட்டது. அவருக்கு இப்படியும் ஒரு குரல் இருக்கிறதா என்று இருந்தது.

"சிஸ்டர், எழுத வேணாம். இந்த லைட்டுக்கு ஒரு பேரு இருக்கு. மிதுஷிகா. வேலைக்கு எடுக்குறப்ப அந்தப் பேரச் சொல்லிக் கேளுங்க. வாயால சொன்னா கிருமி வராதுதானே?"

சிஸ்டர் சிரிக்கப் போனவர், ஜெயராணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "யார்?" என்று அவளிடம் கேட்டார்.

"மக" என்றாள் ஜெயராணி. "ஒம்பது நாளு."

சிஸ்டர் தலையை ஆட்டினார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பற்றுச்சீட்டுக்காக எங்களைக் கொரிடோரில் இருக்கச் சொன்னார்கள். அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். பக்கத்தில் நாலைந்து தாய்மார். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு தாதி வந்து ஏதோ பெயரைச் சொன்னாள், ஒரு தாய் எழும்பி ஓடினாள். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சிஸ்டருக்கு நாங்கள் சொன்னது எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். மூக்கையாவும் அதைத்தான் நினைத்திருப்பார். கையிலிருந்த தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஜெயராணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்றுச்சீட்டு வந்தது. போவோமா என்று நான் கைப்பையை எடுத்தேன்.

அப்போது தாய்மார் வார்டுப் பக்கமிருந்து மஞ்சளான ஒரு குழந்தையை வேகமாகக் கொண்டுபோனார்கள். வார்டின் கதவு பாதி திறந்தபடி நின்றது. உள்ளே இருந்து சிஸ்டரின் குரல், அவசரத்தில் இன்னொரு தாதியைப் பார்த்து, சிங்களத்தில் உரத்துக் கேட்டது.

"நங்கி, மிதுஷிகா எக்க கேன்ன!"

தங்கச்சி, மிதுஷிகாவைக் கொண்டு வா என்று அர்த்தம். "எனவா, எனவா", வருகிறது வருகிறது என்று பதில் வந்தது. சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது.

ஜெயராணி வாங்கிலிருந்து எழும்பி நின்றாள். பிள்ளையின் பெயர் கூப்பிட்டதும் அங்கே எல்லாத் தாய்மாரும் எழும்புகிற மாதிரி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள். நாங்கள் அவளை உட்காரச் சொல்லவில்லை.