தாழ்வாரத்தை விட்டுப் போகாத லோகம்மாள்

கடையைத் திறந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "டைலரண்ணே, லோகம்மா செத்துப் பூட்டாங்க. மார்க்கெட் தாழ்வாரத்துலயே" என்றார். எதிரே பார்த்தேன். லோகம்மாளின் இட்லி அடுப்பு புகையவில்லை.

அவர் வாய்க்குப் பயப்படாதவர் நம் அடுகோடிப் பேட்டையில் உண்டா? சாராயக்கடைக்குப் போகிறவனை மறித்துத் திட்டித் தீர்ப்பார். பிறகு இலையில் இட்லியும் வைப்பார். "வெறும் வயித்துல குடிச்சா சீக்கிரம் செத்துடுவே. துன்னுட்டுப் போ, பாவி!" இது என்னம்மா நியாயம் என்று கேட்டேன். "வாணாம்னா வுட்டுடப் போறானா? நீங்க வேற பேஜார் பண்ணாதீங்க" என்றார். அவர் தம்பி முனியனும் குடித்துவிட்டு அந்த மார்க்கெட் தாழ்வாரத்தில்தான் கிடந்தான். அக்காவுக்கு ஓர் அறை இருந்தது. குடித்த முகத்தோடு அங்கே நுழைய அவனுக்கு வெட்கம்.

முனிசிபல் தேர்தல் வந்தது. எல்லாக் கட்சிக்கும் கொடி தைத்தவன் நான். ஆகவே எல்லாப் பேச்சும் என் காதில் விழுந்தது. ஒரு வேட்பாளர் மட்டும், "நான் ஜெயிச்சா இந்தத் தாழ்வாரத்துல ஒருத்தரும் படுத்துக் கிடக்க மாட்டாங்க" என்றார். லோகம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரத்தி சுற்றி, அவரைத் தாழ்வாரத்துக்குள் அழைத்துப் போய் ஒவ்வொருவரையும் காட்டினார். "இவன்தான் சாமி என் தம்பி. ஒரு கூரையும் வைத்தியமும் குடுத்தா பொழைச்சுக்குவான்." வீடு வீடாக ஏறி ஓட்டும் கேட்டார். அந்த மனிதர் ஜெயித்தார்.

ஒருநாள் காலையில் முனிசிபல் லாரி வந்தது. படுத்திருந்தவர்களை எல்லாம் அள்ளி ஏற்றினார்கள். லோகம்மாள் பின்னாலேயே ஓடி ஓசூர் ரோட்டில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். ஊருக்கு வெளியே வெவ்வேறு இடங்களில் இறக்கிவிட்டார்களாம். பலர் நடந்தே திரும்பினார்கள். முனியன் வரவில்லை. அந்த ரோட்டிலேயே ஹெப்பகோடி வரை போய்த் தேடினோம். சாராயக்கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, சனியன்.

அன்று முதல் அறையைப் பூட்டிவிட்டு லோகம்மாள் தாழ்வாரத்தில் படுத்தார். தங்கவயலிலிருந்து அவர் மகள் வந்து அழுதாள். நானும் அறைக்குத் திரும்பச் சொல்லிக் கோபத்தில் கத்தினேன். "குடிச்ச புத்திக்கு வூடு மறந்துடும்ணே. இந்த எடம் மறக்காது. நானும் போயிட்டா அவன் யாரைத் தேடுவான்?" என்றார்.

அடுத்த தேர்தலுக்கு அதே மனிதர் மாலையோடு வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள்; லோகம்மாளும் நின்றார். அடக்கடவுளே, இந்த அம்மாவுக்கு ரோஷமே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க கேட்டதைச் செஞ்சுட்டேனேம்மா. மார்க்கெட் சுத்தமாச்சா இல்லையா?" என்று அவர் சிரித்தார்.

லோகம்மாள் கற்பூரம் ஏற்றவில்லை. "சுத்தமாச்சு சாமி. என் தம்பியை எங்க எறக்கி வுட்டீங்க? அந்த எடத்தை மட்டும் சொல்லுங்க."

தமுக்கை உரக்க அடிக்கச் சொன்னார் அவர்; ஊர்வலம் நகர்ந்தது. அவரே மறுபடியும் ஜெயித்தார்.

தைரியசாலி என்று நீங்கள் லோகம்மாளைப் புகழ்வீர்கள். புகழுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது தம்பிக்காகக் காத்திருந்த அந்தக் காவலைத்தான். கடையை வேறு பேட்டைக்கு மாற்றலாம் என்று என் மகன் நச்சரிக்கிறான். முனியன் என்றாவது வந்து நின்றால், அக்கா எங்கே என்று எதிரே இருக்கும் என் கடையில்தானே கேட்பான்? நான் எப்படிப் போவது?