பட்டாளத்துத் துவக்கின் முதல் வெடி

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் நான் வேலை பார்த்தபோது அங்கே உதவி நிர்வாகியாக ஒரு சின்னதுரை இருந்தார். சிவந்த, மழமழப்பான முகம். தொழிலாளர் யாரிடம் பேசினாலும் வாசனை தெளித்த கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொள்வார்.

தேயிலைக்குள் காட்டுப்பன்றி இறங்குகிறதென்று பழைய பட்டாளத்துத் துவக்கொன்றை எங்கோ வாங்கி வந்தார். அதற்குரிய தோட்டா கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட அதே பருமனில் இருந்த வேறொரு தோட்டாவைத் திணித்து, தோட்டத்துக் காவல்காரரிடம் கொடுத்துச் சுடச் சொன்னார். விசையை இழுத்ததும் துவக்கின் பின்பக்கம் வெடித்துச் சிதறியது.

காவல்காரரை என்னிடம் தூக்கி வந்தார்கள். வலது கண்ணில் பித்தளைத் துணுக்கு ஏறியிருந்தது.

"ஐயா, இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலைங்க" என்று முனகினார். கட்டுப்போட்டு, கொழுந்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தக் கண் பிழைக்கவில்லை.

லொறி போனபின் வாசலில் நின்ற சின்னதுரையிடம் கேட்டேன்.

"அந்தத் தோட்டா இந்தத் துவக்குக்கு ஆவாதுன்னு தொரைக்குத் தெரியாதாங்க?"

"தெரியும். அதுல வெடிமருந்தோட வேகம் கூட, இந்த இரும்பு தாங்காதுன்னு வித்தவனே சொன்னான்."

"அப்புறம் ஏங்க அவருகிட்ட குடுத்தீங்க?"

"தாங்குதான்னு பார்க்க வேணாமா? நான் சுட்டிருந்தா என் கண்ணுல்ல போயிருக்கும்!"

சொல்லிவிட்டு, தன் முன்யோசனையை நான் மெச்சுவேனென்று என் முகத்தையே பார்த்தார். நான் குனிந்து இரத்தத் துணிகளை அள்ளினேன். அதன்பின் கொடுமைக்காரர் பலரைப் பார்த்துவிட்டேன். பாராட்டுக்காகக் காத்து நின்ற இன்னொருவரை இன்றுவரை பார்க்கவில்லை.